பாஸ்கா வாரத்துக் கஞ்சி

காலைச் சாப்பாட்டில் சட்டம் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மன்னாரில் பிறந்து, சண்டைக்குள் வளர்ந்து, கிடைத்ததைத் தின்று உயிர் தப்பி வந்தவள் நான். பசித்தால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்னைத்தான் சிட்னியின் கடற்கரைப் பக்கத்தில் இருந்த ஒரு யூதத் தம்பதியின் வீட்டுக்குக் காலை வேலைக்கு அனுப்பினார்கள். வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் வேலை. குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்துக் குளிசை கொடுத்து, காலைச் சாப்பாடும் கொடுத்துவிட்டு வர வேண்டும். டூங்கபியில் ரயிலேறி, பொண்டாய் ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

முதல் நாளே அந்த அம்மாவை அன்ரி என்று கூப்பிட்டுவிட்டேன். வாய் பழகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை, சந்தோஷப்பட்டார். அவர் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய பாட்டன் பூட்டன்மார் பாக்தாத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட யூதர்கள். கல்கத்தாவிலும் பெரியவர்கள் எல்லோரும் அன்ரிதானாம். அவருடைய கணவரை அங்கிள் என்றேன். அங்கிள் ஹங்கேரியில் பிறந்தவர். யுத்தத்தில் தாய், தகப்பன், சகோதரங்கள் எல்லோரையும் பறிகொடுத்து, சிறுவனாகத் தனியே கப்பலேறி வந்தவர். இருவரும் சிட்னியில்தான் சந்தித்துக் கலியாணம் முடித்தார்கள். பிள்ளைகள் இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அன்ரி பேசியது எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை ‘டார்லிங்’ என்பார். அதற்கு எங்கள் ஊரில் பிள்ளை என்று பெயர். ஐம்பது வயது தாண்டியவளைப் பிள்ளை என்று கூப்பிட சிட்னியில் வேறு ஆள் இல்லை.

எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக அவர்கள் கொண்டாடும் பாஸ்காப் பெருநாள், நான் போன பிறகு முதன்முறை வந்தபோது நான் ஒரு கூத்து அடித்தேன். எட்டு நாளும் பாண் இல்லை, புளித்த மா இல்லை என்று அன்ரி சொன்னார். எனக்கா தெரியாது? சின்ன வயதிலிருந்து பூசையில் கேட்டதுதானே, புளிப்பற்ற அப்பம். ஈஸ்ட் போடாத மா என்றால் ரொட்டிதான் என்று முடிவு கட்டினேன். வீட்டில் தேங்காய்ப்பூப் போட்டு, கோதுமை மாவைச் சுடுதண்ணீரில் குழைத்து, அழகாக வட்டம் வட்டமாகச் சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அன்ரி பார்சலைப் பிரித்தார். பிரித்ததும் பாம்பைக் கண்டவர் போலக் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் உடனே சுட்டு எடுத்துவிட வேண்டுமாம். கொஞ்சம் ஊறினாலும் அது புளித்த கணக்குத்தானாம். நான் அரை மணித்தியாலம் மூடிவைத்து ஊறவிட்ட மா அது. ரொட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நின்று நானே தின்றேன். அங்கிள் யன்னலுக்குள் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “வாசம் நல்லாத்தான் இருக்கு, பெருநாள் முடிய ஒருக்கால் கொண்டு வா” என்றார். முடிந்த மறுநாளே கொண்டுபோனேன், மிச்சம் வைக்காமல் தின்றார்.

அந்த எட்டு நாளும் காலைச் சாப்பாடு அங்கிளின் பொறுப்பு. வருடம் முழுக்கக் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், நடக்கப் பிடிக்கும் தள்ளுவண்டியோடு வந்து அடுப்படியில் நிற்பார். மட்சா என்று ஒன்று, புளிப்பில்லாத மாவில் சுட்ட தகடு. தின்றால் மட்டை தின்கிற மாதிரி இருக்கும். அதை உடைத்து, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடித்த முட்டையில் போட்டுப் புரட்டி, தாச்சியில் வெண்ணெய் விட்டுப் பொரிப்பார். உப்பும் மிளகும் மட்டும். நான் உதவிக்குப் போனால் கரண்டியால் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். பொரித்ததை முதலில் அன்ரியின் கோப்பையில் போட்டு, அவர் ஒரு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உட்காருவார்.

அப்படி ஒரு காலையில்தான் அரிசிக் கதை வந்தது. கல்கத்தாவில், அன்ரியின் தகப்பன் வீட்டில், பாஸ்காவுக்குச் சோறு உண்டு. பெருநாளுக்கு முன் பெண்கள் வெள்ளைத் துணி விரித்து, அரிசியைக் கொட்டி, ஒரு கோதுமை மணியும் கலந்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பப் பொறுக்குவார்களாம். காலையில் சோற்றோடு பேரீச்சம்பழப் பாணி ஊற்றிச் சாப்பிடுவார்களாம். அங்கிள் வீட்டு வழக்கத்தில் பாஸ்காவுக்கு அரிசி கூடாது, பருப்புக் கூடாது, கடலை கூடாது.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரே வேதம், ஒரே கடவுள். ஒரு வீட்டிலை அரிசி சரி, மற்ற வீட்டிலை பிழையோ?” என்று கேட்டேன்.

“கலியாணம் முடிச்சால் புருஷன்ரை வழக்கம்தான்” என்றார் அன்ரி. பிறகு, அங்கிளுக்குக் காது மந்தம் என்பதால் குரலைத் தணிக்காமலே சொன்னார்: “அவரிட்டை ஒரு படம் இல்லை, ஒரு கரண்டி இல்லை. தாயின்ரை வீட்டிலையிருந்து இந்த வழக்கம் மட்டும்தான் மிஞ்சினது. அதிலை போய் நான் சோத்தை வைக்கலாமோ?”

பிறகு ஒரு குளிர்காலத்தில் அங்கிள் இறந்துபோனார். நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு அன்ரி சாப்பாட்டை விட்டுவிட்டார். அழவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, பிறகு சாப்பிடுகிறேன் என்பார். மத்தியானம் வருகிற பெண் அதை அப்படியே குப்பையில் கொட்டுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பிடி அரிசியைக் குழையக் குழைய அவித்து, பால் விட்டு, உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டு, காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற மாதிரிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கரண்டியை வாங்கித் தானே குடித்தார். கோப்பையைச் சரித்து அடியையும் வழித்தார். அன்றிலிருந்து அந்தக் கஞ்சியில்தான் அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு எதுவும் அவருடைய தொண்டையில் இறங்கவில்லை.

மாதம் ஒருமுறை நேர்ஸ் வந்து நிறை பார்ப்பார். மாசி மாதத்தில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்குமேல் நிறை குறைந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது, நேர்சிங் ஹோமுக்குத்தான் அனுப்ப வேண்டி வரும் என்றார். அன்ரிக்கு அந்த வீட்டை விட்டால் ஒன்றுமில்லை. அங்கிளின் கதிரை அங்கேதான் இருக்கிறது. அதில் ஒருவரையும் உட்கார விடமாட்டார். நேர்ஸ் சொன்னதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். “அப்ப கஞ்சியைக் கொஞ்சம் கூட வை” என்றார்.

பங்குனியில் கலண்டரைப் பார்த்தேன். பாஸ்கா வருகிறது. எட்டு நாளும் அரிசி இல்லை. மட்சாவைக் கடிக்க அன்ரிக்குப் பல் இல்லை, பொரித்துக் கொடுக்க அங்கிள் இல்லை. நான் பொரித்தாலும் சாப்பிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். எட்டு நாள் கஞ்சி இல்லாவிட்டால் நேராக நேர்சிங் ஹோம்தான்.

வீட்டில் என் மனுசனிடம் சொல்லிப் புலம்பினேன். “அவையின்ரை சட்டம் அவைக்கு. நீ ஏன் அதுக்குள்ளை மூக்கை நுழைக்கிறாய்?” என்றார். நாங்கள் தவக்காலத்தில் இறைச்சி தொடாமல் இருப்பதை யாராவது கேள்வி கேட்டால் நான் சண்டைக்குப் போவேன் என்றும் நினைவுபடுத்தினார். உண்மைதான். ஆனாலும் நான் மூக்கை நுழைத்தேன்.

“அன்ரி, அங்கிள் போயிட்டார். இனி நீங்கள் அப்பா வீட்டு வழக்கத்துக்குத் திரும்ப ஏலாதோ?” என்று நேரே கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். “ரபியைக் கேக்கவேணும்” என்றார்.

ரபி என்பவர் அவர்களுடைய கோயில் குரு. அன்ரி ஃபோனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கும்படி போட்டார். கேள்வியைச் சொன்னதும் மறுபக்கம் ஒரு இளம் குரல், மரியாதையாக, ஒரேயொரு கேள்வி கேட்டது. “உங்களுக்கும் அவருக்கும் பிள்ளையள் இருக்கினமோ?”

அன்ரி யன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர்தான். “இல்லை” என்றார்.

அப்படியென்றால் திரும்பலாம் என்றது குரல். விதவைக்குப் புருஷனால் பிள்ளை இருந்தால் அவள் கடைசிவரை அந்த வீட்டுக்காரி. பிள்ளை இல்லையென்றால் தகப்பன் வீட்டு வழக்கத்துக்குத் திரும்ப இடமுண்டு. “தாராளமாச் சோறு சாப்பிடுங்கோ” என்று முடித்தார். நான் குசினிக்குள் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பெருநாளுக்கு முன்னால் இருவரும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அரிசி பொறுக்கினோம். சுளகில் கல்லுப் பொறுக்கி வளர்ந்த கை எனது, விறுவிறென்று ஓடியது. அன்ரியின் விரல்கள் முதலில் பழகின மாதிரித்தான் போயின. பிறகு மெதுவாகின. பிறகு ஒரு மணியை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். களைத்துவிட்டார் என்று நினைத்து மிச்சத்தை நானே பொறுக்கினேன். பாஸ்காவுக்கென்று தனியாக எடுத்து வைக்கும் சட்டி பானைகளைப் பரணிலிருந்து இறக்கினேன். பாலும் பேரீச்சம்பழப் பாணியும் அந்தப் பெருநாளுக்கென்று முத்திரை குத்தியதாகப் பார்த்து வாங்கினேன்.

அந்த வருடம் அவர்களுடைய பாஸ்காவும் எங்களுடைய பரிசுத்த வாரமும் ஒன்றாக வந்தன. அவர்களுக்கு முதல் நாள், எங்களுக்குக் குருத்து ஞாயிறு. நான் பூசையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு அன்ரியிடம் போனேன். பெருநாளன்று நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் முன்கூட்டியே ஏற்றிவிட்ட அடுப்பு மெல்ல எரிந்துகொண்டிருந்தது. அதில் கஞ்சி வைத்தேன். பாணியை மேலே ஒரு சுற்று ஊற்றி, அன்ரி முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடட்டும் என்று நின்றேன்.

அன்ரி கரண்டியை எடுத்தார். கஞ்சிக்குள் விட்டார். வெளியே எடுத்து, துடைத்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரபி என்னட்டை என்ன கேட்டவர்?”

“பிள்ளையள் இருக்கினமோ எண்டு கேட்டவர் அன்ரி.”

“நான் என்ன சொன்னனான்?”

“இல்லை எண்டு.”

“அது பொய்” என்றார்.

அவருக்கும் அங்கிளுக்கும் ஒரு மகன் பிறந்தான். இதே சிட்னியில், ஒரு பெரியாஸ்பத்திரியில். சில நாட்கள்தான் உயிரோடு இருந்தான். தாய் பார்த்தால் மனம் உடைந்துபோவாள் என்று அந்தக் காலத்தில் காட்டமாட்டார்களாம். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டதாம், அது தன்னுடைய பிள்ளையின் சத்தம்தானா என்றும் நிச்சயமில்லையாம். ஆஸ்பத்திரிக்காரரே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அவர்களுடைய வழக்கத்தில் துக்கம் காப்பதில்லை. யாரும் வீட்டுக்கு வரவில்லை, துக்கக்காரர் இருக்கிற மாதிரி யாரும் தரையில் இருக்கவில்லை. அங்கிள் மறுநாள் வேலைக்குப் போனார். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

“பிறகு வந்த பாஸ்காவுக்கு நான் கட்டிலை விட்டு எழும்பேல்லை” என்றார் அன்ரி. “அந்த மனுசன் குசினிக்குள்ளை போய், தாய் செய்யிறதை யோசிச்சு யோசிச்சு, மட்சாவைப் பொரிச்சுக்கொண்டு வந்து என்ரை வாயிலை வைச்சவர். அதுக்குப் பிறகு ஒரு வருஷமும் விடேல்லை.”

அந்தத் தாச்சி அடுப்புக்கு மேலே கொழுவியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இப்ப நான் இந்தச் சோத்தைத் திண்டால், அவன் பிறக்கவே இல்லை எண்டு நானே சொன்ன மாதிரி. எல்லாரும் சொல்லிப்போட்டினம். நானும் சொல்லவோ, பிள்ளை?”

எங்கள் ஊரிலும் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைச் சேமக்காலையில் மற்றவர்களோடு புதைக்க விடாமல், மதிலுக்கு வெளியே புதைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தாய்மார் சேமக்காலைத் திருநாளன்று மதிலுக்கு வெளியே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பதைச் சின்னவளாகப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். கஞ்சியை எடுத்துக்கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றினேன்.

அன்றைக்கு ஒரு வாழைப்பழத்தில் பாதி, தேத்தண்ணீர். மறுநாள் அவித்த முட்டையில் மஞ்சள்கரு மட்டும். மட்சாவைப் பொரித்து வைத்தேன், ஒரு துண்டை வாயில் வைத்து மென்று கடதாசியில் துப்பினார். குளிக்க வார்க்கும்போது கால் மடிந்து என் மேல் சாய்ந்தார். நெஞ்சுக்கூடு என் கையில் தட்டுப்பட்டது. புதன்கிழமை நேர்ஸ் வருகிறார். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. ரபி மேல், சட்டத்தின் மேல், அந்த ஆஸ்பத்திரியின் மேல், எதையும் பேசாமல் செத்துப்போன அங்கிள் மேல்கூட.

பெருநாளின் முதல் இரண்டு நாளும் அன்ரி ஃபோன் தொடமாட்டார். மூன்றாம் நாள் நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே, “ரபிக்கு எடுங்கோ அன்ரி. பொய் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ” என்றேன். அவர் மறுக்கவில்லை. என்னையே நம்பரை அழுத்தச் சொன்னார். உங்களுடன் நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்கு முன்னமே ரபி வந்துவிட்டார். என் மகனின் வயதுதான் இருக்கும், செம்பட்டைத் தாடி. எனக்கு வேலை நேரம் முடிந்திருந்தது, ஆனால் போகவில்லை. அவர் அங்கிளின் கதிரையில் உட்காரப் போனார். நான் வாயைத் திறக்கமுன் அன்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, குசினிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்ரி எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னார்.

“பேர் வைச்சனீங்களோ?” என்று ரபி கேட்டார்.

“வைச்சனான். அவருக்கும் சொல்லேல்லை.”

“எனக்குச் சொல்லுவீங்களோ?”

அன்ரி சொன்னார். நானும் கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்தச் சின்னக் குழந்தை அவர்களுடைய சட்டப்படி பிள்ளைக் கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியாது. ரபி புத்தகம் எதையும் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. “நான் போன கிழமை சொன்னது பிழை” என்றார். “நீங்கள் ஒரு தாய். உங்கடை புருஷன்ரை வழக்கம்தான் உங்கடை வழக்கம். பாஸ்கா மேசையிலை உங்களுக்கு அரிசி இல்லை.”

கத்தியிருப்பேன். ஆனால் அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். அங்கிள் இறந்த நாளிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்காமல் அழுதார்.

அழுது ஆறியதும் ரபி தொடர்ந்தார். “ஆனா உங்களுக்கு உடம்பு இயலாது. இயலாத ஆளுக்குக் கஞ்சி சாப்பாடில்லை, மருந்து. மருந்தை வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “குளிசை குடுக்கிறது நீங்கள்தானே? அதோடை குடுங்கோ” என்றார்.

அன்று நான் அந்தப் பெடியனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.

புதன் காலையில் சாப்பாட்டு மேசையில் அங்கிளின் தாச்சியில் பொரித்த மட்சா மட்டும் வைத்தேன். அன்ரி ஒரு சின்னத் துண்டை எடுத்து, நெடுநேரம் மென்று, விழுங்கினார். பிறகு அவரைக் கட்டிலுக்குக் கூட்டிவந்து, குளிசைத் தட்டில் தண்ணீரோடும் குளிசைகளோடும் கஞ்சியை வைத்தேன். பாணி விடவில்லை, சீனியும் போடவில்லை. மருந்தென்றால் மருந்துதான். “ருசியே இல்லை” என்று முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்தார்.

பத்து மணிபோல நேர்ஸ் வந்தார். வழக்கமாக வருகிறவர் இல்லை, புதியவர். நிறை பார்த்தார். குறைந்திருக்கிறது, ஆனால் அடுத்த கிழமை மறுபடி பார்ப்போம் என்றார். எனக்கு அது போதும். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே பிறந்தீர்கள், புருஷன் எப்போது காலமானார் என்றெல்லாம். நான் வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளையள் இருக்கினமோ?”

“ஓம்” என்றார் அன்ரி. “ஒரு மகன்.”

“தூரத்திலையோ இருக்கிறார்?”

“இல்லை” என்றார். “இஞ்சைதான், சிட்னியிலை.”